சிறுநீரகக் கற்கள்: சேர்மானமும் காரணங்களும் – வடசென்னைத் தொழிற்பகுதியை முன்வைத்து

சிறுநீரகக் கல் என்பது, சிறுநீரில் கரைந்திருக்கும் உப்புகள் தொடர்ந்து கரைந்திருக்கப் போதிய நீர் இல்லாதபோது படிகங்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சிறுநீரகத்துக்குள் திரளும் திடப்பொருள் ஆகும். மணல் பருக்கை அளவில் தொடங்கும் இக்கல், சிறுநீரகத்தின் உட்குழி முழுவதையும் அடைத்துக்கொள்ளும் அளவுக்கும் வளரக்கூடும். சித்த மருத்துவத்தில் இந்நோய் கல்லடைப்பு எனப்படுகிறது. ஆண்களிடம் சற்று அதிகமாகவும், உழைக்கும் வயதினரிடம் மிகுதியாகவும் காணப்படுகிறது. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மீண்டும் வருகிறது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், மணலி என நீளும் வடசென்னையின் துறைமுக, தொழிற்பகுதியில் இந்நோய்க்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, உப்புத் தண்ணீர் குடித்தால் கல் வரும் என்பது. மற்றது, தக்காளி சாப்பிட்டால் கல் வரும் என்பது. இவ்விரண்டும் முதன்மைக் காரணத்தைத் தொடுவதில்லை. குடிக்கும் நீரின் வகையைவிட அளவே பெரிது. வியர்வையாக எவ்வளவு நீர் போகிறது, அதை ஈடுசெய்ய வேலையிடத்தில் வழி இருக்கிறதா என்பவையே இப்பகுதியில் கேட்க வேண்டிய முதல் கேள்விகள்.

கல் எவ்வாறு உருவாகிறது

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் உடலுக்குள்ளேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது. எஞ்சும் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது. உடலில் நீர் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரசின் என்னும் இயக்குநீரை மிகுதியாக வெளிவிடும். அது சிறுநீரகத்திடம் 'நீரைப் பிடித்து வை' என்று சொல்வது போன்றது. சிறுநீரகமும் அவ்வாறே செய்யும். ஆனால் வெளியேற வேண்டிய கால்சியம், ஆக்சலேட்டு, யூரிக் அமிலம் ஆகியவற்றின் அளவு அதனால் குறைவதில்லை. அவை அரை லிட்டர் நீரிலேயே அடங்கியாக வேண்டும்.

ஒரு குவளை நீரில் சர்க்கரையைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கினால் ஓர் எல்லைக்குப் பின் அது கரையாமல் அடியில் தங்கும். அந்த எல்லையில் உள்ளது நிறைவுற்ற கரைசல். அதற்கும் மேற்பட்ட நிலை மீநிறைவு. மனிதச் சிறுநீர் பெரும்பாலான நேரங்களில் கால்சியம் ஆக்சலேட்டைப் பொறுத்தவரை மீநிறைவு நிலையில்தான் உள்ளது. அப்படியிருந்தும் எல்லோருக்கும் கல் வருவதில்லை. சிறுநீரில் உள்ள சிட்ரேட்டு, மக்னீசியம், சில புரதங்கள் ஆகியவை படிகமாவதைத் தடுக்கின்றன. சிட்ரேட்டு கால்சியத்துடன் தானே இணைந்துகொண்டு, ஆக்சலேட்டுக்குக் கால்சியம் கிடைக்காமல் செய்துவிடுகிறது. கல் வருவதும் வராததும் இவ்விரு பக்கங்களின் இழுபறியைப் பொறுத்தது.

படிகம் வளர ஒரு பிடிமானமும் வேண்டும். கற்கண்டு செய்பவர்கள் சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிடுவார்கள். நூலைப் பற்றிக்கொண்டே படிகம் வளரும். சிறுநீரகத்திலும் அத்தகைய நூல் உண்டு. அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டல் 1937இல், சிறுநீரகத்தின் உள்முகட்டு நுனிகளில் கால்சியம் பாஸ்பேட்டால் ஆன வெண்ணிறப் படிவுகள் இருப்பதையும், அவற்றின்மேல் கற்கள் ஒட்டி வளர்வதையும் விவரித்தார். இவை இன்றும் ராண்டல் படிவுகள் என்றே அழைக்கப்படுகின்றன. கால்சியம் ஆக்சலேட்டுக் கற்களில் பல இவ்வாறு ஒட்டி வளர்ந்து, பிறகு கழன்று விழுபவை. ஒட்டியிருக்கும் வரை பெரும்பாலும் வலி இருக்காது. கழன்று சிறுநீர்க்குழாயில் இறங்கும்போதுதான் நோயாளி துடித்துப்போகிறார். அன்றைக்கு வந்த வலிக்கு முந்தின நாள் சாப்பிட்ட எதையோ காரணமாகச் சொல்வது பொருந்தாததற்கு இதுவே காரணம். கல் பல வாரங்களாகவோ மாதங்களாகவோ வளர்ந்திருக்கும்.

கற்களின் சேர்மானம்

சிறுநீர்க் கற்களை வெட்டி எடுக்கும் முறையைச் சுசுருத சம்கிதை விவரிக்கிறது. ஆயினும் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது வேதியியல் வளர்ந்த பிறகே தெரிந்தது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் வில்லெம் ஷீலே 1776இல் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றிலிருந்து யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். இங்கிலாந்தின் வில்லியம் ஹைடு வொல்லாஸ்டன் 1797இல் வேறு பல கல்வகைகளைப் பிரித்துக் காட்டினார். 1810இல் அவர் ஒரு சிறுநீர்ப்பைக் கல்லில் கண்ட புதுப்பொருளே பின்னர் சிஸ்டின் என்ற பெயர் பெற்றது. கிரேக்கத்தில் 'கிஸ்டிஸ்' என்றால் பை. அமினோ அமிலம் ஒன்றுக்குச் சிறுநீர்ப்பையின் பெயர் வந்தது இப்படித்தான்.

இன்று காணப்படும் கற்களில் 70 முதல் 80 விழுக்காடு கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. இவற்றிலும் இரு வடிவங்கள் உண்டு. ஒரு நீர் மூலக்கூறு கொண்டது வெவெல்லைட்டு. கருமை கலந்த பழுப்பு நிறம், மிகுந்த கடினம். இரண்டு நீர் மூலக்கூறுகள் கொண்டது வெட்டெல்லைட்டு. மஞ்சள் நிறமும் கூர்முனைப் படிகங்களும் உடையது. ஒப்பீட்டளவில் எளிதில் உடையும். இவ்விரண்டும் கனிமவியலில் உள்ள பெயர்களே. வெட்டெல்லைட்டு அண்டார்டிகாவின் வெட்டெல் கடலடிச் சேற்றில் கண்டெடுக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது. நிலத்திலும் கடலிலும் கிடைக்கும் கனிமங்களே உடலுக்குள்ளும் அதே வேதிவிதிகளின்படி உருவாகின்றன என்பதை மாணவர்கள் கவனிக்கலாம்.

கால்சியம் பாஸ்பேட்டுக் கற்கள் சிறுநீர் காரத்தன்மை பெறும்போது உருவாகின்றன. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாக இயங்குபவர்களிடமும், சிறுநீரக நுண்குழல்கள் அமிலத்தை வெளியேற்ற முடியாத குறைபாடு உள்ளவர்களிடமும் இவை அதிகம்.

யூரிக் அமிலக் கற்கள் இதற்கு நேரெதிர். சிறுநீரின் பிஎச் அளவு 5.5க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் கரைவது மிகவும் குறைந்துவிடும். உடலில் நீர் வற்றும்போது சிறுநீர் செறிவதோடு அமிலத்தன்மையும் கூடுவதுண்டு. ஆகவே வெப்பத்தில் உழைப்பவர்களுக்கு இக்கல் தனிக்கவனம் பெறுகிறது. நீரிழிவு, உடற்பருமன், கீல்வாதம் உள்ளவர்களிடமும் இது மிகுதி. சாதாரண எக்ஸ்ரே படத்தில் யூரிக் அமிலக் கல் தெரியாது. 'படத்தில் கல் இல்லை' என்று நிம்மதியாகத் திரும்பியவருக்கு மறுபடி வலி வருவதற்கு இது ஒரு காரணம். ஆனால் இக்கல்லிடம் ஒரு நல்ல குணமும் உண்டு. பொட்டாசியம் சிட்ரேட்டு போன்ற மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து, கத்தியின்றியே கரைத்துவிடக்கூடிய முக்கியமான கல்வகை இதுவே.

ஸ்ட்ரூவைட்டுக் கற்கள் தொற்றினால் உண்டாகின்றன. புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. சிறுநீர் காரமாகி, மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்டு படிகிறது. இது விரைவாக வளர்ந்து, மான்கொம்பு போலக் கிளைத்துச் சிறுநீரகக் குழிகளை நிரப்பும். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும் பெண்களிடம் அதிகம். பெரிய வலி தராமலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடியது என்பதால் ஆபத்தானது. 1845இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தேவாலயம் கட்ட அடித்தளம் தோண்டியபோது, பழைய சாண எருப் படுகையில் இக்கனிமம் முதலில் அடையாளம் காணப்பட்டது.

சிஸ்டின் கற்கள் பரம்பரைக் குறைபாட்டால் வருபவை. நூற்றில் ஒன்றிரண்டுதான். குழந்தைப் பருவத்திலேயே கல் வந்தால் மருத்துவர்கள் இதை நினைப்பார்கள். பல கற்கள் ஒரே பொருளால் ஆனவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் யூரிக் அமிலமும் மேலே கால்சியம் ஆக்சலேட்டும் சுற்றிய கல் அரிதானதன்று.

வெப்பம், வியர்வை, வேலை

1881இல் செயற்கைத் துறைமுகம் அமைந்த பின் வடசென்னை மெல்லமெல்லத் தொழிற்பகுதியாயிற்று. 1940களின் இறுதியில் எண்ணூரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலை வந்தது. தொடர்ந்து வார்ப்படச் சாலைகள், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உர ஆலைகள், 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் எனப் பெருகின. உலை, கொதிகலன், வெல்டிங், சுமை, லாரி என்று உடல் வெப்பமேறும் வேலைகளே இங்கு மிகுதி. கடற்கரை ஊர் என்பதால் காற்றில் ஈரப்பதமும் அதிகம். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் குளிராததால் மேலும் வியர்க்கும். கடும் வெப்பத்தில் உழைக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழக்கக்கூடும். எட்டு மணி நேர வேலையில் மூன்று குவளைத் தண்ணீர் குடித்தவருக்குச் சிறுநீர் எங்கிருந்து வரும்?

வெப்பமான வேலைக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் ஆராயப்பட்டுள்ளது. இத்தாலியின் பார்மா நகரக் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் நடந்த ஆய்வு 1993இல் வெளியானது. உலை வெப்பத்தில் பணிபுரிந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கும், சாதாரண வெப்பநிலையில் பணிபுரிந்தவர்களில் 2.4 விழுக்காட்டினருக்கும் கல் இருந்தது. வெப்பத்தில் வேலை செய்து கல் வந்தவர்களில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினருக்கு அது யூரிக் அமிலக் கல். பொதுமக்களிடம் காணப்படும் விகிதத்தைவிட இது பல மடங்கு. பிரேசிலின் எஃகு ஆலை ஒன்றில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: வெப்பப் பகுதியில் 8 விழுக்காடு, மற்ற பகுதிகளில் 0.9 விழுக்காடு.

இந்தியச் சான்றும் உண்டு. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தென்னிந்திய எஃகு ஆலை ஒன்றின் தொழிலாளர்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை, உயர் வெப்பத்தில் பணிபுரிபவர்களுக்குக் கல் அபாயம் கூடுதல் என்றே காட்டியது. அதே நிறுவனத்தினர் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு 2023இல் வந்தது. அவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தனர். 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டியும் நெடுங்காலம் உப்பளங்கள் நடந்தன என்பதை இங்கே நினைவுகூரலாம். கல் மட்டுமே கவலை அன்று. நாள்தோறும் நீர் வற்றி உழைப்பது சிறுநீரகத் திசுவையே மெல்லச் சேதப்படுத்தக்கூடும் என்பதை மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் நிலை உலகுக்குக் காட்டியது.

கல் உருவாக எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஓரளவு விடை தரும் ஆய்வும் இருக்கிறது. குவைத், ஈராக் பாலைவனப் பகுதிக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையினரில் கல் வந்தவர்களுக்கு, அங்கு போய்ச் சேர்ந்து சராசரியாக 93 நாளில் வலி தோன்றியது. மூன்று மாதம். வளைகுடா நாடுகளில் கட்டட வேலைக்குப் போகும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய எண் இது. சென்னையின் கோடையும் ஏறத்தாழ மூன்று மாதம்தான். நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாத இறுதியில் 45 பாகை செல்சியசு பதிவானது.

காசிமேட்டு மீனவர்களின் நிலை சற்று வேறு. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் குடிநீரைக் கரையிலிருந்தே ஏற்றிச் செல்ல வேண்டும். பல நாள் தங்கலில் அதை அளந்துதான் செலவழிப்பார்கள். சுற்றிலும் நீர், குடிக்க மட்டும் கணக்கு. கோடையின் உச்சத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடலில் இருக்க மாட்டார்கள். ஆனால் படகு பழுதுபார்ப்பும் வண்ணம் பூசுவதும் அந்த வெயிலில்தான் நடக்கும்.

துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுநர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதும் இப்பகுதியினர் அறிந்த காட்சி. வண்டியை விட்டு இறங்க முடியாது, இறங்கினாலும் ஒதுங்க இடம் கிடையாது என்பதால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரை அடக்கினால் கல் வரும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மையன்று. சிறுநீரகக் கல் சிறுநீர்ப்பையில் உருவாவதில்லை. அடக்க வேண்டுமே என்று குடிக்காமல் இருப்பதுதான் கேடு. அடிக்கடி அடக்குவதால் தொற்று வரவும், தொற்றினால் ஸ்ட்ரூவைட்டுக் கல் வரவும் வழியுண்டு.

பெண்களிடம் இது இன்னும் கடுமை. மீன் விற்பவர்கள், இறால் உரிப்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள், துணிக்கடையில் நாள் முழுதும் நிற்பவர்கள் பலருக்குப் பயன்படுத்தத்தக்க கழிப்பறை அருகில் இல்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தண்ணீரை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இதிலிருந்து வருவது. 'நிறைய தண்ணீர் குடியுங்கள்' என்ற மருத்துவ அறிவுரை கழிப்பறை இல்லாத இடத்தில் பாதி அறிவுரையே.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதை அன்றே உணர்ந்திருந்தது. அதன் 18ஆம் பிரிவு, தொழிலாளர்களுக்கு வசதியான இடங்களில் நல்ல குடிநீர் வைக்க வேண்டும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்று எழுதியிருக்க வேண்டும், 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றது. 19ஆம் பிரிவு கழிப்பறைகளைப் பற்றியது. இரண்டு பிரிவுகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது பொருத்தமே. ஆனால் இப்பகுதியின் ஒப்பந்தச் சுமைத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், தெருவோர வெல்டர் ஆகியோர் தொழிற்சாலையின் சுவருக்கு வெளியே இருப்பவர்கள்.

வெப்பத்தில் உழைப்பவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திராமல், 15–20 நிமிடங்களுக்கு ஒருமுறை கால் லிட்டர் அளவு குடிப்பது நல்லது என்று தொழில்நல அமைப்புகள் கூறுகின்றன. ஒரே மூச்சில் அளவுக்கு மீறிக் குடிப்பதும் தவறு. இதயம், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தா.

உப்புத் தண்ணீரும் கடின நீரும்

மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீர்ப்படுகையில் பல பத்தாண்டுகளாகக் கடல்நீர் உட்புகுந்து வருகிறது. வடசென்னையின் பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத அளவு உவர்ப்பு. காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருகிறது. அதற்குப் பிறகும் மெட்ரோ லாரிக்குக் குடத்தோடு காத்திருப்பதும், கேன் தண்ணீருக்குக் காசு கொடுப்பதும் நின்றுவிடவில்லை.

பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்பு, சிறுநீரகத்திலும் அப்படியே படியும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பாத்திரத்தில் படிவது கால்சியம் கார்பனேட்டு. சிறுநீரகத்தில் உருவாவது ஆக்சலேட்டும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும். கடின நீரில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றவும் உதவும். கடின நீர் குடிப்பவர்களுக்குக் கல் மிகுதி என்று உறுதிப்படுத்தும் வலுவான சான்று ஆய்வுகளில் கிடைக்கவில்லை. நீரில் சோடியம் அதிகமாக இருப்பது வேறு விஷயம். சோடியம் கூடும்போது சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதும் கூடும்.

உவர்நீரின் பெரிய தீங்கு வேறு வழியில் வருகிறது. கரிக்கும் தண்ணீரை யாரும் தேவைக்கு மேல் ஒரு மடக்குக்கூடக் குடிப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய கேன் நீர் சமையலுக்கும் குழந்தைகளுக்கும் போக மிஞ்சுவதுதான் பெரியவர்களுக்கு. மக்கள் சொல்லும் 'உப்புத் தண்ணியால் கல்' என்பதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

உணவின் பங்கு

கல்லுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த முன்னோடிப் பணிகளில் ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. குன்னூரில் உணவூட்ட ஆராய்ச்சிக் கூடத்தை நடத்திய ராபர்ட் மெக்காரிசன், எலிகளுக்கு வெவ்வேறு உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை மாவு போன்ற தானியத்தையே பெரிதும் தின்ற எலிகளுக்குக் கல் உண்டானது. அதே உணவோடு போதிய பால் சேர்த்தபோது தடுக்கப்பட்டது. இதுபற்றிய அவரது உரை 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அக்காலத்தில் வடமேற்கு இந்தியாவின் ஏழைக் குழந்தைகளிடம் சிறுநீர்ப்பைக் கல் மிகுதியாக இருந்தது. ஊட்டம் மேம்பட்டபோது அந்நோய் குறைந்தது. இன்று நகரங்களில் பெரியவர்களிடம் காணும் சிறுநீரகக் கல் வேறு வகை என்றாலும், பாலைப் பற்றிய அந்தப் பாடம் மட்டும் மாறவில்லை.

கல்லில் கால்சியம் இருப்பதால் பால், தயிர், மோரை நிறுத்திவிடுபவர்கள் பலர். இது தவறு. 45,000க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993இல் வெளியான ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. 2002இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு இதைச் சோதனையாகவே செய்து பார்த்தது. கல் வந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கால்சியம் குறைந்த உணவும், மற்றதற்கு வழக்கமான கால்சியத்தோடு உப்பும் இறைச்சியும் குறைந்த உணவும் தரப்பட்டன. ஐந்தாண்டுகளில் முதல் பிரிவில் 23 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 12 பேருக்கும் மீண்டும் கல் வந்தது. குடலில் கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட்டு தடையின்றி இரத்தத்துக்குள் போய்விடுகிறது என்பதே விளக்கம். ஆகவே கீரையைத் தயிரோடு சேர்த்து உண்பது நல்லதே. கால்சியம் மாத்திரை வேறு. அதை மருத்துவரைக் கேட்டே கொள்ள வேண்டும்.

தக்காளியில் ஆக்சலேட்டு குறைவு. விதை கல்லாக மாறும் என்பது வெறும் தோற்ற ஒப்புமை. பாலக்கீரை, தண்டுக்கீரை, பாதாம், வேர்க்கடலை ஆகியவற்றில்தான் ஆக்சலேட்டு மிகுதி. பால் சேர்க்காத தேநீரையும் அளவோடு குடிக்கலாம். வைட்டமின் சி மாத்திரையை நீண்ட நாள் அதிக அளவில் விழுங்கினால் அதில் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட்டாக மாறும்.

உப்பு கவனிக்கப்பட வேண்டியது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடைத் தீனி எல்லாம் சேர்ந்து நாளின் சோடியத்தை உயர்த்திவிடுகின்றன. வியர்வையில் உப்பும் போகிறதே என்று கேட்கலாம். போகிறதுதான். ஆனால் வழக்கமான தமிழ்ச் சாப்பாட்டில் அந்த இழப்பை ஈடுசெய்யும் உப்பு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. அளவுக்கு மீறிய இறைச்சியும் மீனும் யூரிக் அமிலத்தைக் கூட்டி, சிட்ரேட்டைக் குறைக்கும். வெயிலுக்கு வண்ணக் குளிர்பானம் குடிப்பதும் உதவாது. சர்க்கரை சேர்த்த கோலா வகைகள் கல் அபாயத்தைக் கூட்டுவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. பீர் கல்லைக் கரைக்கும் என்பது சாக்கு. அதிலுள்ள பியூரின் யூரிக் அமிலமாகிறது.

இவ்வகையில் வடசென்னைத் தெருமுனைகளில் விற்கும் கேழ்வரகுக் கூழ் பாராட்டத்தக்க உணவு. நீரும் உண்டு, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் உண்டு. தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயையும் கருவாட்டையும் மட்டும் அளந்துகொள்ள வேண்டும். உப்பு மிகாத எலுமிச்சைச் சாறு சிட்ரேட்டு தரும். வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் ஆகியவை மரபாகப் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்போது உள்ளே போகும் நீரின் பங்கையும் மறக்கக் கூடாது. பெரிய கல் அடைத்திருக்கும்போது இவற்றை நம்பி நாள் கடத்துவது சிறுநீரகத்தை இழக்க வைக்கலாம்.

அறிகுறியும் சிகிச்சையும்

விலாவின் பின்புறம் தொடங்கி அடிவயிறு, தொடையிடுக்கு வரை அலையலையாக இறங்கும் வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் முற்றிலும் நின்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடைப்பும் தொற்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அல்ட்ராசவுண்டு, சி.டி. ஸ்கேன் வழியாகக் கல்லின் இடமும் அளவும் தெரியும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். பெரியவற்றை அதிர்வலையால் உடைப்பது, சிறுநீர்ப் பாதை வழியே நுண்கருவி செலுத்தி லேசரால் பொடியாக்குவது, முதுகுப்புறம் சிறு துளையிட்டு எடுப்பது ஆகிய முறைகள் உள்ளன. அதிர்வலை முறை 1980இல் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. விமானப் பாகங்களின்மீது அதிர்வலைகளின் தாக்கத்தை ஆராய்ந்த நிறுவனத்தின் பணியிலிருந்து பிறந்த முறை அது.

கல்லைப் பாதுகாத்தலும் பரிசோதித்தலும்

கல் வெளியேறியதும் பெரும்பாலோர் அதைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுகிறார்கள். வலி போன மகிழ்ச்சியில் இது இயல்பே. ஆனால் மேலே கண்டபடி, யூரிக் அமிலக் கல்லுக்கு அமிலத்தைக் குறைக்க வேண்டும், பாஸ்பேட்டுக் கல்லுக்கு அதே மருந்து சில வேளைகளில் பொருந்தாது, ஸ்ட்ரூவைட்டுக்குத் தொற்றை ஒழிக்க வேண்டும். கல்லின் சேர்மானம் தெரியாமல் அடுத்த கல்லைத் தடுப்பது கடினம். வலி வந்த நாட்களில் சிறுநீரை மெல்லிய துணியிலோ டீ வடிகட்டியிலோ வடித்துப் பார்த்து, கிடைத்த கல்லை நீரில் அலசி உலர்த்தி ஒரு சிறு டப்பியில் வைத்து மருத்துவரிடம் கொடுக்கலாம். அகச்சிவப்புக் கதிர்ப் பகுப்பாய்வு முறையில் அதன் பொருள்கள் கண்டறியப்படும். மீண்டும் மீண்டும் கல் வருபவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, அதன் அளவு, கால்சியம், ஆக்சலேட்டு, யூரிக் அமிலம், சிட்ரேட்டு, சோடியம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். இச்சேகரிப்பை விடுமுறை நாளில் வீட்டில் செய்வதைவிட, வழக்கமாக வேலைக்குப் போகும் நாளில் செய்வதே உண்மை நிலையைக் காட்டும். உலையடியில் நிற்பவரின் சிறுநீரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பவரின் சிறுநீரும் ஒன்றல்ல.

ஒருமுறை கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். முதல் கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து 1996இல் வெளியான ஆய்வில், நீரைக் கூட்டியவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், கூட்டாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் மீண்டும் கல் வந்தது. இரண்டரை லிட்டர் என்பது உள்ளே போகும் அளவன்று, வெளியே வரும் அளவு. நிழலில் அமர்ந்து வேலை செய்பவருக்கு மூன்று லிட்டர் குடித்தால் போதலாம். மே மாதத்தில் வார்ப்படச் சாலையில் நிற்பவருக்கு அது ஐந்து, ஆறு லிட்டரையும் தாண்டும். அளவுக்கோல் கையில் இல்லாதவர்கள் நிறத்தைப் பார்க்கலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். கடுகெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் நீர் போதவில்லை. வேலை முடியும் நேரத்தில் பார்ப்பது காலையில் பார்ப்பதைவிடப் பயன் தரும்.